மலைமேல் போட்ட பழி

என் பட்டறையில் மெக்கானிக்குகள் எதை வேண்டுமானாலும் பேசலாம். அரசியல் பேசலாம். என்னைப் பற்றியே முதுகுக்குப் பின்னால் பேசலாம், காது கேட்காத மாதிரி நடந்து போய்விடுவேன். ஆனால் ஒரு வண்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “மலை ஏறி எறங்கற வண்டிங்க, அப்புடித்தான் இருக்கும்” என்று எவனாவது சொன்னால் அன்றைக்கு அவன் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். புதிதாக வந்தவர்கள் திகைத்து நிற்பார்கள். பழையவர்கள் ‘பேசாதே’ என்று கண்ணைக் காட்டுவார்கள். கிழவனுக்கு மலை என்றால் ஏதோ கிறுக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும்.

கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் மூட்டை தூக்கி ஆரம்பித்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. அந்த வகுப்பிலும் உட்கார்ந்திருந்த நாளைவிட ஓடிப்போன நாள்தான் அதிகம். இன்றைக்கு என் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு ஓடும் பஸ்களும் லாரிகளும் எத்தனை என்று சொல்லமாட்டேன், கண் படும். பாலக்காட்டில் பாங்க் மேனேஜர் எழுந்து நின்று எனக்கு நாற்காலி காட்டுகிறார். எல்லாம் என் தோளாலும் என் மூளையாலும் வந்தது. யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது. ஆனால் என் முதல் வண்டியை ஓட்டியவரைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் இந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் போகிறது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. நான் அவரை ‘டிரைவரே’ என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை ‘மொதலாளி’ என்பார், கொஞ்சம் கிண்டல் கலந்து. அப்போது எனக்கு இருந்தது ஒரே ஒரு பழைய வேன். அதற்கு முதலாளி என்பதே அதிகம்தான்.

எழுபதுகளில் நடந்தது. பாலக்காட்டில் ஒரு கன்னியர் மடத்துப் பிள்ளைகளை ஏற்றி ஏற்றி ஓய்ந்துபோன பெட்ரோல் வேன் அது. ஜன்னல்களில் திரைச்சீலைக் கம்பிகள்கூட அப்படியே இருந்தன. பின்னால் ஒரு நீள சீட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றினேன். எங்கள் பக்கத்துத் தக்காளி, புடலை, தேங்காய், நிலக்கடலை எல்லாவற்றையும் ஏற்றி, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர், மூணாறு என்று போய், சின்னக்கானல் எஸ்டேட்டில் சம்பள நாள் சந்தையில் விற்பது என் திட்டம். கேரளத்தில் புறப்பட்டு, தமிழ்நாட்டுக்குள் இறங்கி, மறுபடி கேரளத்துக்குள் ஏறும் வழி. காய் விற்க இத்தனை தூரமா, பைத்தியமா இவனுக்கு என்றார்கள். அப்படிச் சொன்னவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு என் பஸ்ஸில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

மலைப்பாதை பழகிய டிரைவர் வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். சின்னக்கானலில் பிறந்து வளர்ந்தவர், எஸ்டேட் லாரி ஓட்டியவர், எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண் எடுத்தவர் என்று ஒருவரை அனுப்பினார்கள். ஒல்லியான ஆள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு பல் தேய்க்கும் பிரஷ் இருக்கும். பல்லுக்கு அல்ல, பிளக் தேய்க்க.

சம்பளம் சொன்னேன். தினப்படி சொன்னேன்.

“அது இருக்கட்டும். வேற என்ன?” என்றார்.

கூடக் கேட்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. “வேற என்னங்க? இதுக்கு மேல என்ற தோலத்தான் உரிச்சுக் குடுக்கோணும்.”

“தோலு எனக்கு எதுக்கு மொதலாளி? முன்னாடி ஓட்டுன டிரைவரு ஏன் போனாரு?”

“அவனுக்கு ஊட்டுல சோலிங்க.”

“அது இருக்கட்டும். வேற என்ன?”

கடைசியில் என் வாயாலேயே வரவழைத்துவிட்டார். “வண்டி ஸ்லோவுல நிக்கமாட்டீங்குதுங்க.”

பல் தெரியச் சிரித்தார். “இத மொதல்லயே சொல்லியிருந்தா சம்பளப் பேச்சே வேண்டாமுல்லா” என்று சாவிக்குக் கை நீட்டினார்.

அதுதான் அவர். எதற்கும் முதலில் வருகிற பதிலை வாங்கிக்கொள்ள மாட்டார். மறுக்கவும் மாட்டார், சண்டை போடவும் மாட்டார். நீங்கள் சொன்னதை ஒரு ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, “வேற என்ன?” என்று அடுத்ததற்குக் காத்திருப்பார். டீ கசப்பதற்குத் தூள்தான் காரணம் என்று மறையூர் டீக்கடைக்காரன் சொன்னால் “அது இருக்கட்டும், வேற என்ன?” கடைசியில் அந்த ஆள் எரிச்சலோடு பாய்லரைத் திறந்து அடியில் படிந்திருந்ததைக் கொட்டுவான். எனக்கே பல நாள் ஆத்திரம் வந்திருக்கிறது. நான் ஒன்று சொன்னால் அதுதான் கடைசிச் சொல் என்று இருந்தவன் நான். இந்த மனிதர் அதற்கு மேல் ஒரு கேள்வியைத் தூக்கி வைப்பார்.

எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளை லயம் என்பார்கள். அவர் குடியிருந்த லயத்தில் பக்கத்து வீட்டு அம்மாளின் கோழி காணாமல் போயிற்று. காட்டுப்பூனை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவர் அதன் கண்ணையே பார்த்ததாகச் சத்தியம் செய்தார். இவர் மட்டும் “அது இருக்கட்டும், வேற என்ன?” என்று கேட்டு, “ஒமக்கு எதுலதான்வே நம்பிக்கை?” என்று வசவு வாங்கினார். மறுநாள் உடுமலையில் காலிச் சாக்குகளை இறக்கும்போது பின் சீட்டுக்கு அடியில் ஏதோ கொக்கரித்தது. முட்டைமேல் உட்கார்ந்திருந்தது கோழி. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் மலை ஏறினார். “காட்டுப்பூனை உடுமலைக்கு டிக்கெட் எடுத்துப் போயிட்டு வந்திருக்குதுங்க” என்று அவர் மனைவி சொல்ல, லயமே சிரித்தது.

வண்டிக்கு வருகிறேன். ஓடும்போது அந்த வேனுக்கு ஒரு குறையும் இல்லை. ஏற்றத்திலும் இழுக்கும். நிறுத்தினால்தான் வினை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், அதாவது ஸ்லோவில், ஒழுங்காக நின்று ஓடாது. உறுமல் ஏறும், இறங்கும், ஏறும், இருமும், உடம்பு முழுக்க ஒரு உதறு உதறிவிட்டு அணைந்துபோகும். அதனால் எங்கே நிறுத்தினாலும் அவர் வலது குதிகாலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு அதே காலின் விரல்களால் ஆக்ஸிலேட்டரைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவருடைய வலது செருப்பு மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்து கிடக்கும்.

சின்னாறு காட்டு செக்போஸ்டில் ஒரு மலையாளி கார்டு இருந்தார். வளைவுக்கு அப்பால் வரும்போதே சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். “எந்தா டிரைவரே, நம்ம இருமல்காரி வந்தல்லோ!” என்று எழுந்து வருவார். ஜன்னலுக்குள் தலையை விட்டு என்ன சரக்கு என்று பார்ப்பார். டிரைவர் கை நிறையத் தக்காளி எடுத்துக் கொடுப்பார். ரோட்டுக்குக் குறுக்கே போட்ட தடியைக் கார்டு தூக்குவதற்குள் வண்டி அணைந்துபோகும். கார்டு விழுந்து விழுந்து சிரிப்பார். ஒவ்வொரு பயணத்திலும் இதே கூத்து.

காட்டாத மெக்கானிக் இல்லை. பிளக் மாற்றினார்கள். பாயிண்ட் மாற்றினார்கள். கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறவைத்து ஊதினார்கள். கொழிஞ்சாம்பாறையில் ஒருவன் பெட்ரோல் கூட வரும்படி திருகாணியைத் திருகிவிடுவான். வண்டி கொஞ்சம் நின்று ஓடும். மலைக்குப் போனால் கரும்புகை கக்கும். மூணாறில் ஒருவன் அதையே திருப்பித் திருகுவான். கீழே வந்தால் மறுபடி ஏற்ற இறக்கம். அரபு நாட்டுக்காரன் பெட்ரோல் விலையை ஏற்றிவிட்டிருந்த சமயம் வேறு. கடைசியில் மேலே இருந்தவனும் கீழே இருந்தவனும் ஒரே பதிலில் வந்து நின்றார்கள். மலையில் காற்று வேறு, தரையில் காற்று வேறு. இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற வண்டி அப்படித்தான் இருக்கும். மலைதான் காரணம்.

எங்கள் வழியில் ஓடிய எல்லோருக்கும் அது கைவசம் இருந்த பதில். சோறு வேகவில்லையா, மலை. பிள்ளை இளைத்திருக்கிறதா, மலை. கடிகாரம் நின்றால்கூட மலை என்றுதான் சொல்வோம்.

“அது இருக்கட்டும், வேற என்ன?” என்று வேனைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் மனைவியை நான் முதன்முதலில் லயத்து வாசலில் பார்த்தேன். “ஏனுங்ணா, வாங், உள்ள வாங். ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?” என்று ஓடி வந்தாள். தெற்கத்திப் பேச்சுக்கு நடுவில் இருந்து இருந்து, எங்கள் ஊர்ப் பேச்சுக் கேட்டதும் அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் கரையில் பிறந்தவள். கூடப் பிறக்காத தங்கை மாதிரி என்னிடம் ஒட்டிக்கொண்டாள். போகும்போதெல்லாம் எங்கள் ஊர்க் கதையை ஒரு தட்டுச் சோற்றோடு வாங்கிக்கொள்வாள்.

பெண் பார்த்த கதையை அவள் சொல்லித்தான் கேட்டேன். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றுச் சிலுவையைத் திருகிக்கொண்டிருந்தார்.

“எங்கப்பன் சொன்னாருங்ணா, புள்ள நல்லா சமைக்கும்னு. இவுரு ‘அது இருக்கட்டும், வேற என்ன?’ன்னாரு. எங்கப்பனுக்கு மூஞ்சி செவந்து போச்சு. புள்ளைக்குத் தையல் தெரியும்னாரு. ‘அது இருக்கட்டும், வேற என்ன?’ எந்திரிச்சு அடிக்கப் போயிருப்பாருங். நாந்தான் உள்ள இருந்துட்டே சொன்னேன், ‘வேற ஒண்ணுமில்ல, இவ்வளவுதான். புடிச்சாக் கட்டுங்க, இல்லீனா காப்பியக் குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க’ன்னு.”

“அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் என்ன மொதலாளி, காப்பியக் குடிச்சேன். கெளம்பல” என்றார் டிரைவர்.

உலகத்தில் அவரை அந்தக் கேள்வியோடு நிறுத்தத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ‘வேற ஒண்ணுமில்ல’ என்று அவள் சொல்லிவிட்டால் அவருக்கு அது போதும்.

அவர்களுக்கு ஒரு குழந்தை பிறந்து, பால்குடி மாறுமுன்பே போய்விட்டது. எஸ்டேட் கல்லறைத் தோட்டத்தில், தேயிலைச் சரிவுக்கு மேலே, சின்னதாக ஒரு மேடு. அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். எஸ்டேட் கம்பவுண்டர் மலைக்காற்று என்றார். அவள் தாயார் தரையில் வளர்ந்த பிள்ளை, மலை ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். லயமும் அதையே சொன்னது. நானும் அதையே சொன்னேன்.

டிரைவர் கேட்காமல் இருக்கவில்லை. என் எதிரிலேயே கேட்டார். “அது இருக்கட்டும் புள்ள, வேற என்ன பண்ணுது?”

அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து சிரித்தாள். “மலைதானுங்க. வேற ஒண்ணுமில்ல.”

அவர் அதோடு விட்டுவிட்டார்.

மலைதான் காரணம் என்றால் மலையைவிட்டு இறங்கினால் தீரும் அல்லவா? அப்படித்தான் நானும் அவரும் பேசி முடிவு செய்தோம். தாய் வீட்டில் கொஞ்ச காலம் இருக்கட்டும் என்றோம். அவள் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. “என்ற கொழந்தை இங்க கெடக்குதுங்ணா, தனியா விட்டுப்போட்டு எப்புடி வாரது?” என்று என்னிடம் அழுதாள். டிரைவர் ஏதேதோ சொல்லி வேனில் ஏற்றிக் கூட்டிவந்தார். பின் சீட்டில் உட்கார்ந்து, கல்லறைச் சரிவு கண்ணிலிருந்து மறையும்வரை கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டே வந்தாள்.

கீழே வந்து முதல் சில நாள் தெளிவாகத்தான் இருந்தாள். தாய் கைச் சோறு, வேலை இல்லை, கால் நீட்டி உட்கார்ந்தாள். எங்களுக்கெல்லாம் நிம்மதி. பார்த்தீர்களா, மலைதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம். ராத்திரிகளில் அவள் படுக்காமல் ஒரு தவிட்டு மூட்டையில் சாய்ந்தபடியே தூங்கியதை அவள் தாயார் பார்த்திருக்கிறாள். கேட்டதற்கு, “மலைக் குளிருல அப்புடியே பழகிப்போச்சும்மா” என்றாளாம். அதற்கும் மலைதான்.

அந்த மழைக்காலத்தில் மறையூருக்கு மேலே மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. வேன் என் வீட்டு முன்னால் ஒரு வாரமாக நின்றது. டிரைவர் மாமியார் வீட்டிலிருந்து தினமும் காலையில் வந்துவிடுவார். அன்றைக்கு வந்தவர் வண்டியைக் கிளப்பி விட்டுவிட்டு, பானெட்டைத் திறந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். இஞ்சின் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“மொதலாளி, ஒரு வாரமா வண்டி எங்கயும் போகல.”

“ஆமாங்க.”

“மலைக்குப் போகல. எறங்கல. தரையில, ஒங்க வாசல்ல நிக்கி. அதே ஏத்தம், அதே எறக்கம். இப்ப மலை எங்க வந்துட்டு?”

அவர் உள்ளே போய் என் சவரப் பிரஷையும் ஒரு பார் சோப்பையும் எடுத்துவந்தார். கேட்கவும் இல்லை. நுரையை நன்றாகக் குழைத்து, ஓடிக்கொண்டிருந்த இஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் தடவிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் தடவினார், ஒன்றும் இல்லை. பொறுத்தார். அடுத்த இடம். மறுபடி பொறுத்தார். கார்புரேட்டருக்குக் கீழே, கை நுழையாத மூலையில் பிரஷை நீட்டியதும் நுரை உள்ளே இழுபட்டு மறைந்தது. அந்தக் கணத்தில் இஞ்சின், அழுகிற பிள்ளைக்கு மார்பு கிடைத்த மாதிரி, சட்டென்று அடங்கி ஒரே சீராக ஓடியது. நுரை தீர்ந்ததும் மறுபடி இருமல்.

“காத்து வாங்குது” என்றார்.

மூட்டுக்கு நடுவில் இருக்கும் பேக்கிங்கில் மயிரிழைக் கிழிசல். அளந்து வரவேண்டிய காற்று முறையாக வர, அளக்காத திருட்டுக் காற்று அந்தக் கிழிசல் வழியாகக் கூட நுழைந்திருக்கிறது. வேகமாக ஓடும்போது அது தெரியாது. நின்று மூச்சுவிடும்போதுதான் காட்டிக்கொடுக்கும். தடித்த ஷீட் வாங்கிவந்து, மூட்டின்மேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி அச்செடுத்து, புதுப் பேக்கிங் வெட்டிப் போட்டார். வண்டியைக் கிளப்பினார். காலை எடுத்தார். இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

ஓடியது. அந்த வண்டி அப்படி ஓடி நான் கேட்டதே இல்லை. மதகில் தண்ணீர் போகிற மாதிரி ஒரே சீர். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லோருக்கும் டீ சொன்னேன். டிரைவர் முதுகில் ஒரு அடி அடித்து, “பாத்தீங்களா டிரைவரே, இத்தன நாளா வண்டிக்குள்ள கோளாற வெச்சுக்கிட்டு, பாவம், மலைமேல பழியப் போட்டுட்டமே!” என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். துணி கையில் இருந்தது. முகத்தில் இருந்த சிரிப்பு போவதை நான் பார்த்தேன்.

“காலையில அவ வாய்க்கால்லருந்து ஒரு கொடம் தண்ணி எடுத்துட்டு வந்தா மொதலாளி” என்றார். “கொடத்த எறக்கி வச்சுட்டுக் கதவப் புடிச்சுக்கிட்டு நின்னா. ரொம்ப நேரம் நின்னா. வாய் தொறந்து மூச்சு வாங்குனா.”

நான் புரியாமல் பார்த்தேன்.

“இங்க மலை இல்லையே மொதலாளி.”

அந்த டீயை யாரும் குடித்தார்களா என்று எனக்கு நினைவில்லை. அவளையும் தாயாரையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் புறப்பட்டோம். போத்தனூர்ப் பக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது. ஸ்லோவில் ஓடியது, சத்தமே இல்லாமல்.

பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. “ஏனுங்க, வண்டி அணைஞ்சு போச்சுங்களா?”

“ஓடிக்கிட்டுத்தான் இருக்கு புள்ள.”

“இருமலே காணமே!” அவளுக்கு ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு தடவை மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. “நல்லாப் பண்ணிப்போட்டீங்க.”

டிரைவர் திரும்பவில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்டார். “வேற என்ன பண்ணுது? என்கிட்டச் சொல்லு. வேற என்ன?”

“வேற ஒண்ணுமில்லைங்க” என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்ல மனிதர். குழாயை மார்பில் வைத்து நெடுநேரம் கேட்டார். தலையணை இல்லாமல் படுக்க முடிகிறதா என்று கேட்டார். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். தாயார் ஆமாம் என்று தலையாட்டினாள். எங்களை வெளியே அழைத்துவந்து சொன்னார். இதயத்துக்குள் ஒரு கதவு அந்தக் காய்ச்சலிலேயே கெட்டுப்போயிருக்கிறது. பிள்ளைப்பேறும் மலையும் அதற்குப் பாரத்தைக் கூட்டியிருக்கும். ஆனால் கோளாறு ஆரம்பத்திலிருந்தே உள்ளே இருந்திருக்கிறது. நுரையீரலில் இப்போது நீர் கோத்துவிட்டது. மருந்து கொடுத்துப் பார்க்கலாம்.

“அது இருக்கட்டும் சார்” என்றார் டிரைவர். குரல் கெஞ்சியது. “வேற என்ன? வேற என்ன செய்யலாம்?”

டாக்டர் அவர் தோளில் கை வைத்தார். “முன்னாடியே வந்திருந்தா வேலூருக்கு அனுப்பியிருப்பேன்ப்பா. ஆபரேஷனுக்கு வழி இருந்தது. இப்போ பயணத்தையே தாங்கமாட்டாங்க.”

அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள்.

குழந்தைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாளாம். பாதை திறந்துவிட்டது என்று செய்தி வந்தது. வண்டியை நான் ஓட்டுகிறேன் என்றேன். உறவுக்காரர்களும் சொன்னார்கள், இந்த நிலையில் அவர் உட்கார வேண்டாம் என்று. அவர் கேட்கவில்லை. முன் சீட்டில் ஏறி, பழக்கத்தில் பின் கண்ணாடியைச் சரி செய்தார். பிறகு அதை மேலே பார்த்துத் திருப்பிவிட்டார். அன்றைக்கு ஓட்டியதுதான். அதன்பிறகு அவர் எனக்கு வண்டி ஓட்டவில்லை. எஸ்டேட் ஃபாக்டரியில் வாடிய இலையைக் கிளறிப்போடும் வேலைக்குப் போய்விட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். எத்தனையோ தடவை ஆள் அனுப்பினேன், வரவில்லை.

அன்றைக்குச் சின்னாற்றில் காலை வெயில் அடித்துக்கொண்டிருந்தது. செக்போஸ்டில் வண்டி போய் நின்ற பிறகுதான் கார்டு தலை நிமிர்ந்தார். வியப்போடு எழுந்து வந்தார்.

“எந்தா டிரைவரே, சத்தமே கேட்டில்லல்லோ! இருமல்காரிக்கு எந்து பற்றி?”

என்ன ஆயிற்று என்று கேட்கிறார். நான் கையைக் காட்டித் தடுப்பதற்குள் டிரைவர் பதில் சொன்னார். எப்போதும் பேசுகிற குரலில்தான் சொன்னார்.

“பேக்கிங் கிழிஞ்சிருந்துச்சு சார். காத்து வாங்கிக்கிட்டிருந்துச்சு. நாங்க மலைன்னு இருந்துட்டோம்.”

“கொள்ளாம், கொள்ளாம்!” நல்லது என்று கார்டு கதவைத் தட்டிக்கொடுத்தார். வழக்கம்போலத் தக்காளிக்காக ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

தலை உள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தது. வெள்ளைத் துணியையும், பக்கத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த தாயாரையும் பார்த்திருப்பார். வெளியே எடுத்தபோது தொப்பி கையில் இருந்தது. போய்த் தடியைத் தூக்கினார். தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

டிரைவர் உடனே கிளப்பவில்லை. நான் கீழே குனிந்து பார்த்தேன். வண்டி தானாக, சீராக ஓடிக்கொண்டிருந்தது. தட்டிக்கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் தேய்ந்த செருப்புப் போட்ட அந்த வலது கால் ஆக்ஸிலேட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தது.

கல்லறைத் தோட்டம் ரோட்டுக்கு மேலே. லயத்துச் சனம் முழுவதும் வந்திருந்தது. அந்தச் சின்ன மேட்டுக்குப் பக்கத்தில் குழி வெட்டியிருந்தார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. வண்டியை அவர் அணைத்துவிட்டு வரவில்லை. யாரும் போய் அணைக்கவும் இல்லை. ஜெபத்துக்கு நடுவில் அதன் சத்தம் கீழேயிருந்து ஏற்றமில்லாமல் இறக்கமில்லாமல் வந்துகொண்டே இருந்தது.

மண் போட்டு முடிந்ததும் ஜெபம் நடத்திய உபதேசியார் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார். வயதானவர், அவரைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்.

“ஆண்டவரோட சித்தம் தம்பி. நம்ம கையில என்ன இருக்கு.”

பக்கத்து வீட்டுக் கோழிக்காரம்மா டிரைவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அங்கே நின்ற எல்லோருக்கும் அவர் என்ன சொல்வார் என்று தெரியும்.

“அது இருக்கட்டும்” என்றார்.

வாய் திறந்தபடி இருந்தது. மீதி வரவில்லை.